எஞ்சின் ஆயிலில் உப்பு

"பில் போடுற பொண்ணுன்னு இல்ல நெனச்சேன். நீயாம்மா எஞ்சினத் தொறக்கப் போற?"

மரக்காணத்துக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் கொட்டகையில் அந்தோணி அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம். விடுதிக்கு வருகிறவர்களை ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர பைக்கில் ஏற்றி மணலில் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. அந்த வண்டி கெட்டுப்போனதற்கு அவர்தான் காரணம் என்று முடிவானால் அந்த வேலை போய்விடும். முடிவு சொல்ல விழுப்புரத்திலிருந்து யாரோ வருகிறார்கள் என்று காத்திருந்தவர் முன்னால் நான் போய் நின்றேன்.

இந்த மாதம் நம் பட்டறையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மேலாளர் சொன்னார். எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இது நடந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும். என் ஊர் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ரேஷன் கடையிலிருந்து வங்கி வரை எல்லா இடத்திலும் விரலில் மை தடவிக்கொண்ட குடும்பத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து இங்கே சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வேலை அட்டையின் அடியிலும் என் பெயரை முழுதாக, பெரிதாக எழுதுவேன். "இன்னா தேவகி, அட்டை பூரா நீயே எடுத்துக்கினா நான் எங்க கையெழுத்து போட்றது?" என்று மேலாளர் கிண்டல் செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

அன்று வியாழக்கிழமை. திண்டிவனத்தில் பஸ் மாறி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. விடுதியின் மேனேஜர் சென்னைக்காரர், சிறு வயது. வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஆயில் பால் டீ மாதிரி ஆயிடுச்சுங்க. இவரு வண்டிய கழுவெளி ஏரில எறக்கிட்டாரு. அத நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நான் சனிக்கிழமைக்குள்ள ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடுவேன். திங்கக்கெழமைலேர்ந்து வேற ஆளு."

"நான் எறக்கலங்க. மாதா மேல சத்தியமா எறக்கல," என்றார் அந்தோணி அண்ணன்.

"சத்தியம்லாம் ஹெட் ஆபீஸ்ல செல்லாதுண்ணே."

எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வெளுத்துக் குழம்பிப் போகும். அந்தத் தண்ணீர் வர இரண்டே வழிகள். ஒன்று, வண்டி தண்ணீரில் மூழ்கி வெளியிலிருந்து உள்ளே புகுவது. அது ஓட்டியவர் தவறு. மற்றொன்று, எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரிலிருந்து ஓடும் தண்ணீர், எங்கோ ஒரு தடுப்பு பழுதாகி, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஆயிலில் கசிவது. அது இயந்திரத்தின் கோளாறு. எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இந்த மாதிரிக் கேள்வி என்றால் எனக்குப் பசிகூடத் தெரியாது.

வண்டி இரண்டு நாளாக நின்றிருந்ததால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடி போல்ட்டை லேசாகத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர்தான் வந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். நிறமில்லாத தண்ணீர். ரேடியேட்டருக்கு நாம் ஊற்றும் கூலன்ட் பச்சையாக இருக்கும். ஆக, இது கூலன்ட் இல்லை. ரேடியேட்டரின் பக்கத் தொட்டியைப் பார்த்தேன். நிறம் தெரியாதபடி அழுக்கேறியிருந்தது, ஆனால் கோடு வரை நிறைந்திருந்தது. உள்ளே கசிந்திருந்தால் அது குறைந்திருக்க வேண்டுமே? ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து, வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வரும் வழியெல்லாம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். கழுவெளித் தண்ணீர் என்றால் உப்பு இருக்கும். காய்ச்சினால் தெரிந்துவிடும். சமையலறையிலிருந்து ஓர் இரும்புக் கரண்டியை வாங்கி, டம்ளரின் மேலே மிதந்த ஆயிலைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, அடித்தண்ணீரை அதில் ஊற்றி, வெளிமுற்றத்து அடுப்பில் வைத்தேன். தண்ணீர் சுண்டியதும் கரண்டியின் அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது.

மேனேஜர் போனில் படம் எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களாண்ணே? உப்பு."

அந்தோணி அண்ணன் கரண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. எந்தக் கையேட்டிலும் இல்லாத சோதனையை நானே கண்டுபிடித்திருக்கிறேன். அதுவும் 'நீயாம்மா தொறக்கப் போற' என்று கேட்டவர் கண் முன்னால். "எஞ்சினுக்குள் வெளியிலிருந்து உப்பு நீர் புகுந்துள்ளது" என்று எழுதி, கீழே பெயரை முழுதாகப் போட்டேன்.

"எழுதிட்ட," என்றார் அந்தோணி அண்ணன். "இனிமே நான் இன்னா சொன்னா இன்னா."

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்துவிட்டேன்.

"டீ கரிக்குதுண்ணே."

"கேன் தண்ணி வண்டி இன்னிக்கி வரலம்மா. பைப்புத் தண்ணில போட்டுக்கினு இருக்கேன். இந்தப் பக்கம் எந்த போர்ல எறைச்சாலும் இதே பேஜாருதான்," என்றார் கடைக்காரர்.

பாதி டீயை வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, என் சாமர்த்தியத்தை மறுபடி ஒரு தடவை ரசிக்கலாம் என்று நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்திலேயே ஒரு வரி: "ஏர் ஃபில்டர் — காய்ந்த தூசி, பஞ்சு நனையவில்லை."

எஞ்சின் மூழ்கித் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் காற்று போகும் வழியாகத்தான் குடிக்கும். அந்த வழியில் பஞ்சு இருக்கிறது. பஞ்சில் பழைய தூசி அப்படியே காய்ந்து கிடக்கிறது. பிறகு எப்படித் தண்ணீர் உள்ளே போனது? பஸ் கிளம்பிவிட்டது. விக்கிரவாண்டி தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வாயில் இன்னும் அந்த டீயின் கரிப்பு இருந்தது. அந்தக் கரிப்புதான் கடைசியில் என்னைப் பிடித்து உலுக்கியது. அந்த ஊரில் குழாயில் வருவதே உப்புத் தண்ணீர் என்றால், அந்த ரேடியேட்டருக்குள் என்ன தண்ணீர் இருக்கிறது? ஆயிலில் இருந்த தண்ணீரைக் காய்ச்சினேன். ரேடியேட்டரில் இருந்ததைக் காய்ச்சவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கரண்டி இல்லாமலே ஒருவருடைய வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் மேலாளரிடம் போனேன்.

"எழுதிக் குடுத்தாச்சுல்ல? திரும்பப் போய் நின்னா நம்மளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைப்பாங்க தேவகி."

"பிரஷர் டெஸ்ட் பண்ணாமலே எழுதிட்டங்க."

அவர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "கேஜை எடுத்துக்கினு ஜல்தியா போய்ட்டு வா."

அந்தோணி அண்ணன் கொட்டகையில் வண்டியின் மேலுறையை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். முந்தைய நாள் முழுக்க அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் சந்தேகப்பட்டார், நான் செய்து காட்டினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்திருந்தது.

"அண்ணே, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

"ஊத்தாம? மொதல்ல மாசத்துக்கு ஒரு வாட்டி ஊத்தினேன். அப்பறம் வாரத்துக்கு ஒரு வாட்டி. இந்த வாரம் தெனமும் கொறையுது. தண்ணி எங்கியோ போவுதுன்னு மேனேஜர்கிட்ட மூணு வாட்டி சொன்னேன். ஊத்திக்கினே ஓட்டுங்கன்னாரு."

"எந்தத் தண்ணி?"

கொட்டகைச் சுவரில் இருந்த குழாயைக் கையால் காட்டினார்.

"நேத்து நான் வர்றதுக்கு முன்னாடியும் ஊத்தினீங்களா?"

"மெக்கானிக்கு வர்றாங்களேன்னு கோடு வரைக்கும் ரொப்பி வெச்சேன்."

"இத ஏண்ணே நேத்தே சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா."

அதே கரண்டியை மறுபடி வாங்கி வந்தேன். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினேன். வெள்ளைப் பொடி. கழுவிவிட்டு ரேடியேட்டர் தண்ணீரைக் காய்ச்சினேன். வெள்ளைப் பொடி. பச்சை நிறம் தேய்ந்து தேய்ந்து எப்போதோ மறைந்திருக்கிறது. ஆயிலில் உப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அது கழுவெளியிலிருந்து வந்தது என்பதற்கு இனி எந்தச் சாட்சியும் இல்லை.

ஆனாலும் இது பாதிதான். உள்ளே கசிகிறது என்று இன்னும் நிரூபிக்கவில்லை. ரேடியேட்டர் வாயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்திக் கையால் காற்றடித்தேன். முள் ஏறி நின்றது, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. எங்கோ கசிகிறது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தோம். குழாய்களில் ஈரமில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. எஞ்சின் தலைப்பகுதியில் தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருக்குமோ என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். காய்ந்திருந்தது, நிறமும் சரியாக இருந்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் போகவில்லை. மிச்சம் இருந்தது ஓர் இடம்தான். வாட்டர் பம்ப்.

அந்த பம்ப்பின் அச்சில் இரண்டு சீல்கள் உண்டு. ஒன்று தண்ணீரைத் தடுக்கும், மற்றது ஆயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில், வெளியே பார்த்தபடி ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீர் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாகத் தரையில் சொட்டும். சொட்டட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். 'சீலை மாற்று' என்று எஞ்சின் நம்மிடம் சொல்லும் வழி அது. தரை காய்ந்திருக்கிறதே என்று யோசித்தபடி, பம்ப்பின் அடியில் அப்பியிருந்த சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது.

அந்தோணி அண்ணன் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது, கல்லு மாதிரி?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அது இரண்டு களிம்பைப் பிசைந்து அப்பினால் கல்லாக இறுகும் பசை. அப்பிய பிறகு சோப்புத் தண்ணீர் தொட்டு வழவழவென்று இழைத்துவிடுவது என் பழக்கம். நம் பட்டறையில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன் இதே வண்டி நம்மிடம் வந்தது. வந்துபோகும் இத்தனை வண்டிகளுக்கு நடுவில் அதை நான் மறந்தே போயிருந்தேன். புகார்: 'வரவேற்பறை முன்னால் நிறுத்தினால் டைல்ஸில் தண்ணீர் சொட்டுகிறது.' சீல் சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். விடுதியில் ஒரு கல்யாணக் கூட்டம், வண்டி உடனே வேண்டும். நம் பக்கத்தில் மோட்டார் கொட்டகையில் வளர்ந்த யாருக்கும் கை தானாக என்ன செய்யும்? பம்ப்செட்டில் ஒழுகினால் அடைப்போம். டிராக்டர் ரேடியேட்டரில் ஒழுகினால் அடைப்போம். நானும் அடைத்தேன். இத்தனைக்கும் அந்தத் துளை எதற்கு என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான். சீல் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சீல் வந்தது, அலமாரியில் உட்கார்ந்தது. சொட்டாத வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வெளியே போக வழியில்லாத தண்ணீர் அடுத்த சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. வெளியே தெரிந்த கசிவை, வெளியே தெரியாத கசிவாக மாற்றியது நான்தான்.

மீண்டும் காற்றடித்து முள்ளை ஏற்றிவிட்டு, பசையைக் குத்தி எடுத்தேன். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"போன வருஷமும் இப்டிதான்மா சொட்டிக்கினு இருந்துச்சு," என்றார் அந்தோணி அண்ணன். "உங்க பட்டறைக்கு அனுப்பினாங்க. நிறுத்திக் குடுத்துட்டாங்க."

"நிறுத்தினது நான்தாண்ணே."

அவர் சொட்டுவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லா நிறுத்தின போ."

மேலாளருக்குப் போன் செய்தேன். "சீல் பழசாயிப் போச்சின்னு எழுது. அது உண்மதான? பசை கதைய எதுக்கு இழுக்கற?" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. சீல் தேய்ந்தது உண்மை. அந்த ஒரு வாக்கியம் போதுமா என்று வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். நேற்று ஒரு காகிதம், உப்பு என்கிறது. இன்று ஒரு காகிதம், சீல் என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும் ஹெட் ஆபீஸ்காரருக்கு எது சரி என்று எப்படித் தெரியும்? 'சீலும் போயிருக்கிறது, அந்த ஆள் தண்ணீரிலும் இறக்கியிருக்கிறான்' என்றுதான் முடிவு கட்டுவார். முதல் காகிதம் ஏன் தப்பு என்று நான் சொல்லாதவரை அது சாகாது.

எழுதினேன். நேற்று எழுதியது தவறு. உப்பு, கொட்டகைக் குழாயின் தண்ணீரில் இருப்பது. ரேடியேட்டர் தண்ணீர் குறைவதாக ஓட்டுநர் மூன்று முறை சொல்லியிருக்கிறார். வாட்டர் பம்ப்பின் துளையை எட்டு மாதத்துக்கு முன் எங்கள் பட்டறையில் அடைத்தவள் நான். கீழே கையெழுத்து.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "அப்ப நேத்து போட்ட கையெழுத்து?"

"அதுவும் என்னுதுதாங்க. அது தப்பு."

"நாளைக்கி வந்து இதுவும் தப்புன்னு சொல்வீங்களா?"

"வண்டிகிட்ட வாங்க. காமிக்கிறேன்."

வந்தார். சொட்டுவதைப் பார்த்தார். விரலில் ஏந்தியும் பார்த்தார். மூன்று முறை சொல்லியிருக்கிறார் என்ற வரியைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. "அந்தோணிண்ணே, திங்கக்கெழம ஒரு பேமிலி வருது. அந்த செவப்பு வண்டிய எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேலை போகவில்லை என்பதை அவர் அறிவித்த விதம் அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தம் வரை அந்தோணி அண்ணன் கூடவே வந்தார். "மன்னிச்சிக்குங்கண்ணே" என்றேன்.

"என்னத்த மன்னிக்கறது. படிச்ச பொண்ணு கையெழுத்தும்மா அது. அதுக்கு எதிர்ல நான் மாதாவையே நேர்ல கூட்டியாந்தாலும் செல்லாது. நேத்து வூட்ல போய் அதான் சொன்னேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் யாருடைய விரல் மைக்கும் அப்படி ஒரு பலம் இருந்ததில்லை. அந்தப் பலம் என் கையில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இன்றைக்கும் என் பெயரைப் பெரிதாகத்தான் எழுதுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் பேனாவைத் திறக்கும் முன், ஓட்டுகிறவரிடம் பேசியிருக்கிறேனா என்று ஒரு தடவை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேறு சிலவும் உண்டு. உங்கள் நோட்டில் உங்கள் முடிவுக்குப் பொருந்தாத வரி ஒன்று இருந்தால், அந்த வரிக்குத்தான் நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டும். நான் அதை எழுதிவிட்டு, படிக்காமலே மூடினேன். தொட்டி நிறைந்திருந்தால் யார் நிறைத்தது, எப்போது என்று கேளுங்கள். ஒரு துளையைப் பார்த்தால், அதை வைத்தவர் எதற்கு வைத்தார் என்று யோசித்த பிறகு கையை நீட்டுங்கள். மேலாளர் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அலமாரியிலிருந்த அந்த சீலை எடுத்து, என் மேசையில் வைத்தார்.

அதைப் பொருத்திவிட்டு வந்த அன்றே பழைய வேலை அட்டைகளை எடுத்து உட்கார்ந்தேன். அந்தப் பசை அவ்வளவு நன்றாக வேலை செய்ததால், அதே வருடம் இன்னும் இரண்டு வண்டிகளுக்கும் செய்திருந்தேன். ஒன்று திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்புக்காரருடையது. "ஓடுற வண்டிய எதுக்கும்மா தொறக்கற?" என்று சிரித்தார். துளையைத் திறந்ததும் சொட்டியது. சீல் மாற்றியாயிற்று, ஆயில் கெடவில்லை, தப்பித்தோம்.

மற்றது இரண்டு கை மாறி முகையூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் போயிருந்தது. அவருடைய போன் எண் நேற்றுதான் கிடைத்தது. உடனே கூப்பிட்டேன்.

"வண்டி ஒரு சொட்டு ஒழுகலம்மா. ஆயில்தான் ஒரு மாதிரி வெளுத்துப் போச்சி. என் தம்பிதான் மழைல கொண்டுபோயி எங்கியோ முழுக்கிட்டான். பத்து நாளா அவன்கூடப் பேச்சு வார்த்தையே இல்ல."

"அவரு ஒண்ணும் பண்ணலங்க. பண்ணது நான். உங்க தம்பிகிட்ட போன குடுங்க, நானே சொல்றேன். வண்டிய மட்டும் ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க, வர்றேன்."

அவர் தம்பியிடம் பேசிவிட்டேன். சீலும் கேஜும் பையில் இருக்கின்றன. இதை முகையூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதி முடிக்கிறேன்.